ஜாதிக்காயா, ஜாதிபத்திரியா

காய்ச்சல் விட்டபோது என் கணவரின் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் புதுக்கோட்டையில் ஒரு பேக்கரியில் கேக் மாஸ்டர். மோந்து பார்த்தே ஏலக்காய் பழசா புதுசா என்று சொல்கிற மனுசன், சட்டியில் கருவாடு கருகிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டார். அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

தினமும் மோந்து பழகினால் வாசனை திரும்பலாம் என்றார் டாக்டர். வந்தால்தான் பிழைப்பு. பிளம் கேக்குக்கு மசாலா கலக்கும் வேலை அவருடையது. கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் வேறு குவிந்துகொண்டிருந்தன. முதலாளியிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் அரிமளத்திலிருந்து காலை பஸ் பிடிப்பதற்குள் அவர் கண்ணைத் துண்டால் கட்டி உட்காரவைப்பேன். ஜாதிக்காயையும் ஜாதிபத்திரியையும் மாற்றி மாற்றி நீட்டுவேன். ஒரே பழத்தின் கொட்டை ஒன்று, அந்தக் கொட்டையைச் சுற்றிய செந்தோல் இன்னொன்று. காய் இனிப்பும் கசப்புமாக அடித்தொண்டையில் தங்கும். பத்திரி லேசானது, மிளகுக் காரத்தோடு, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல மேலே எழும்பும். பிளம் கேக்குக்குக் காய், வெண்ணெய் கேக்குக்குப் பத்திரி என்று எனக்குச் சொன்னதே அவர்தான்.

"இது எதுங்க?"

"பத்திரி."

"கிழிஞ்சுச்சு போங்க! வெறுங்கையையில்ல நீட்டுனேன்!"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்த மூக்குதான்டி நமக்குச் சோறு போட்டுச்சு" என்றார். எனக்குச் சாமி மேலேயே கோபம் வந்தது. பொன்னும் பொருளுமா கேட்டோம்?

காய்ந்ததை நீட்டினால் வாசனை ஏறாததால், ஒருநாள் சந்தனக்கல்லில் தண்ணீர் விட்டு ஜாதிக்காயை உரசி, விரலில் வழித்து அவர் மூக்கருகே கொண்டுபோனேன். இழுத்து இழுத்து மோந்தார்.

"காயா, பத்திரியா?"

"பேரு வரலடி. ஆனா… பாப்பாவக் குளிப்பாட்டி, நாக்குல ஒரமருந்து தடவுவியே. அந்த வாசம் அடிக்குது."

கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் ஒரமருந்தில் ஜாதிக்காயும் உண்டு. எங்கள் பாப்பா இப்போது திருச்சியில் காலேஜ் படிக்கிறாள். கண்ணைக் கட்டிய துண்டு நனைந்துகொண்டே வந்தது. எனக்கும் அழுகை முட்டியது. மறைக்க வேண்டி அதட்டினேன்.

"சரி, எந்திரிங்க. பஸ் போயிரும்."

"போனாப் போகுது" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கைய மட்டும் எடுத்துராத."