கழற்றி வைத்த தோலுறை

தொண்ணூறுகளில் ஒரு தேர்தலின்போது, விதிப்படி என் லைசென்ஸ் துப்பாக்கியைப் புரட்டாசி மழையில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். தோட்டத்தில் காட்டுப்பன்றி மேயும் தொண்டாமுத்தூர்க்காரனுக்கு அது கையொடிந்த மாதிரி. "மழைக்காலமுங்க, தோலுறையை மட்டும் கழட்டிப்போடாதீங்க" என்று ஏட்டையாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

தேர்தல் முடிந்து வாங்கப் போனால், துப்பாக்கி உறையில்லாமல் நின்றது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க ஏட்டையா, படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்களே, இப்படிச் செஞ்சுபோட்டீங்களே!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அவர் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே கையை விட்டேன். ஈரம் பிசுபிசுத்தது, விரலெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம்.

"தோலு ஈரத்தை இழுத்து வெச்சுக்குமுங்க. நீங்க கொடுத்தப்பவே துரு புடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதான் கழட்டிப்போட்டு, வாரம் ஒருக்கா தையல் மிசின் எண்ணெய் போட்டுத் தொடச்சனுங்க."

குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே கண்ணாடியாக மின்னியது. போன உயிர் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்டதற்கு, "பாத்துப் போங்க, மழை வருது" என்றார்.

மழைக்காலத்தில் துப்பாக்கியை உறையில் வைப்பதை அன்றோடு விட்டேன். கத்துவதற்கு முன்னால் உள்ளே கைவிட்டுப் பார்க்கிறேனா என்பதை மட்டும் என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.