வலது கையால் சுட்டவர்

சத்திரம் பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் அந்த நாவலுக்காகக் காத்திருந்தபோதுதான் அவர் பழக்கமானார். எங்கள் அபிமான மர்மக்கதை எழுத்தாளர் பாதி எழுதிவிட்டு இறந்துபோன அந்த நாவலை யாரோ முடித்திருந்தார்கள். முடித்தவர் பெயரைப் பதிப்பகம் சொல்லவில்லை.

கடையில் பழக்கமானவர் பொன்மலை ரயில்வே பணிமனைக்காரர். காக்கிச் சட்டை, கழுத்தில் கர்சீப். புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்து, அதை விசாரிப்பதுபோல் படிப்பார்.

"நம்ம டிடெக்டிவ் இடது கைக்காரன் சார். ஆனா ஒவ்வொரு கதையிலயும் நம்ம எழுத்தாளரு ஒரு தடவை மறந்துபோய் அவனை வலது கையால சுட வச்சிடுவாரு. அந்தத் தப்பு எங்க வருதோ, அது இவரே எழுதின இடம்."

நாவல் வந்த வாரம் அவரைப் பஸ்ஸில் பார்த்தேன்.

"தப்பு இருந்துச்சாங்க?"

"இருக்கு. கடைசி அத்தியாயத்துல." குரலைத் தாழ்த்தினார். "அவருதான் பாதியிலயே போயிட்டாரே! முடிச்சவன் வேணும்னே வச்சிருக்கான். நம்மள மாதிரி ஒரு வாசகன்தான்."

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஏதாவது எழுதுவீங்களா சார்?"

"இல்லைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. பொன்மலையில் இறங்கிய பிறகும் திரும்பிப் பார்த்தார்.

பஸ் கிளம்பியபோதுதான் எனக்கு உறைத்தது. அப்படியொரு தப்பு இருப்பதை எனக்குச் சொன்னதே அவர்தான்.