கதிருக்கு ஒன்று, நங்கூரத்துக்கு இரண்டு

நேர்ச்சை வைத்த செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் இருந்தவர்கள்: அம்மா, அம்மாவின் அண்ணனான பெரிய மாமா, அக்காவின் கணவரான அத்தான், அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகள், நான். இல்லாதவர்கள் மூன்று பேர். அப்பா கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் யாராவது நேர்ச்சை பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அன்றைக்கு மீன்பாடு நன்றாக இருக்கும் என்று அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அக்கா இத்தாலியில், ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். மூன்றாவது ஆள் அந்தக் கிழவியின் மகன். அவரை நாங்கள் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அவர் தேர்தலில் வெல்ல வேண்டும் என்றுதான் இங்கே இலங்கைக் கடற்கரையில், எத்தாளையில், நாங்கள் முழந்தாளில் நின்றோம்.

அந்த நாட்டிலும் எங்கள் மாகாண சபை மாதிரி ஒன்று இருக்கிறது. அவர் அதில் உறுப்பினர். ஊரில் பெரிய மனிதர், காரும் சாரதியும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அவருக்குக் கடைசிவரை ‘கிழவிட மகன்’ என்ற பட்டம்தான். தேர்தலில் வென்றால், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தன் கூட்டாளியிடம் சொல்லி அத்தானுக்கு வேலைக் கடிதம் எடுத்துத் தருவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடிதம் இல்லாமல் விசா இல்லை. அக்கா போனபோது மகள் தவழவில்லை. இப்போது அந்தப் பிள்ளை, அணைத்து வைத்த போனைக்கூட எடுத்துக் காதில் வைத்து “அம்மா” என்று கதைத்துக்கொண்டிருக்கும். அத்தான் அதைப் பார்க்காத மாதிரி கிழிந்த வலையைப் பொத்துவார்.

கிழவியின் மகனுடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் அக்கா சமைக்கிற குசினி வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் அவர் கோயிலுக்குப் போகிறவர்களின் பெரிய கட்சி ஒன்றில் இருந்தார். அந்தக் கட்சி ஒருநாள் இல்லாமலே போய்விட்டது. அதைக் கிழவி மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கிழவி உள்ளே போய், வாக்குச்சீட்டில் செத்துப்போன கட்சியின் பெயரைத் தன் கையால் எழுதிப் போட்டுவிட்டுத் திருப்தியோடு வருவார். மகன் அப்படியில்லை. ஒரு புதுக் கட்சியில் சேர்ந்தார். அது இரண்டாக உடைந்தது, சின்னத் துண்டோடு போனார். சின்னத் துண்டும் உடைந்தது. கொஞ்சக் காலம் அவருடைய கட்சியில் அவரும் அவருடைய சாரதியும் மட்டுமே இருந்தார்கள். பிறகு சாரதியும் விலகிவிட்டான்.

எங்கள் வீட்டில் உயர்தரம்வரை படித்த முதல் ஆள் நான். அதுவும் அரசறிவியல். ஆகவே இத்தாலி அரசியலை விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விகிதாசாரப் பிரதிநிதித்துவம், விருப்பு வாக்கு, கூட்டணி எல்லாவற்றையும் முறைப்படி சொன்னேன். மாமா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. சாப்பாட்டுப் பார்சல் ஆர் குடுக்கிறது?”

“அங்க பார்சல் எல்லாம் இல்ல மாமா.”

“அப்ப சனம் என்னத்தைப் பாத்து வோட்டுப் போடுது?”

மாமா அனுபவசாலி. பிரதேச சபைத் தேர்தல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கட்சிக்கு வேலை செய்தவர். அவர் வீட்டுச் சுவரில் மூன்று நிறத்தில் மூன்று தொப்பிகள் தொங்கும். வெளியே போகும்போது கைக்கு எட்டியதைப் போட்டுக்கொள்வார். கேட்டால், “வெயில் எந்தக் கட்சியெண்டு பாக்கிறதில்லை” என்பார்.

கோயிலில் அத்தானுக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது.

“இந்த இத்தாலிக் காரியமெல்லாம் அந்தோனியாருக்கு விளங்குமா மாமி?”

அந்தோனியார் பிறந்தது போர்த்துக்கலில் என்றாலும் இருந்து செத்தது இத்தாலியில்தான் என்று நான் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, அவரும் ஊரை விட்டு இத்தாலிக்குப் போன ஆள்தான். நம்மட கஷ்டம் தெரிஞ்சவர்.”

அம்மா கைகூப்பியதும் மாமா குறுக்கிட்டார். “ஆளிட பேரைச் சொல்லி வேண்டிக்கொள்ளாத தங்கச்சி. அந்தப் பேர் உன்ட வாயில சரியா வராது, அருள் வேற ஆருக்கும் போயிடும். சின்னத்தைச் சொல்லு. வோட்டோ நேர்ச்சையோ, சின்னம்தான் செல்லும்.”

கிழவியின் மகன் இந்த முறை சேர்ந்திருந்த கூட்டணியின் சின்னம் கோதுமைக் கதிர். அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை கோதுமை மாவில் சுட்ட பாண் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கதிரும் பாணும் பொருந்திப் போனது அம்மாவுக்கு நல்ல சகுனமாகப்பட்டது.

“அந்தோனியாரே, கதிர் வெண்டா, கோயிலுக்கு வாற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு றாத்தல் பாண்.”

“திகதி சொல்லாத,” என்று மாமா மெதுவாகச் சொன்னார். “வாக்குக் குடுக்கேக்க திகதி சொல்லப்படாது.”

அத்தான் அடுத்த நாளே புத்தளம் டவுனுக்குப் போய்க் குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கி வந்தார். அக்கா வீடியோவில் வந்தபோது அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் காலம். கதை முடிவதற்குள் இறால் அவித்த மாதிரி ஆகிவிட்டார்.

வேட்புமனுக் கொடுக்கச் சில நாட்கள் இருக்கும்போது அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு போனில் கூப்பிட்டாள்.

“அம்மா, கிழவிட மகன் மற்றப் பக்கம் போயிட்டார்.”

“எந்தப் பக்கம்?”

“நங்கூரம். காலையில வந்து, முன்னறையில தொங்கின கதிர்த் தலைவரிட படத்தைக் கழட்டச் சொன்னார். கழட்டிட்டன். ஆணி சும்மா இருக்கிறது வடிவில்லையெண்டு அந்தோனியார் கலண்டரைக் கொழுவியிருக்கிறன்.”

அம்மா போனை மடியில் வைத்துவிட்டார். எதிரிக்காக அல்லவா வேண்டியிருக்கிறோம்! எத்தாளையிலிருந்து போன வேண்டுதல் அங்கே கதிரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும். மகளின் குடும்பத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டதாக அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். பங்குச் சாமியிடம் கேட்டேன். அவர் சிரித்து, “அந்தோனியாருக்கு மனம் தெரியும்” என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை.

“அவர் தொலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர். கட்சி மாறின ஆளையும் தேடுவாரோ?”

“முதல் நேர்ச்சையைத் திருப்பி எடுக்க ஏலாதா?” என்று அத்தான் கேட்டார்.

“பெட்டிக்குள்ள போட்ட வோட்டைத் திருப்பி எடுப்பாங்களா?” என்றார் மாமா.

“அப்ப மேல இன்னொண்டு போடுவோம்,” என்று அம்மா எழுந்தார். “நங்கூரம் வெண்டா ஆளுக்கு ரெண்டு றாத்தல். நங்கூரம் நம்மட சாமான்தானே. முதலே இதைத்தான் கேட்டிருக்க வேணும்.”

அத்தான் விரல் மடித்து யோசித்தார். நேர்ச்சைக்குக் காசு, அவர் தன் படகு எஞ்சினை விற்றால்தான். “மாமி, அப்ப எது வெண்டாலும் நாங்கதானே பாண் குடுக்க வேணும்?”

“உங்களுக்குப் பொஞ்சாதி வேணுமா, எஞ்சின் காசு வேணுமா?”

அத்தான் பதில் சொல்ல எடுத்த நேரம் கொஞ்சம் கூடிவிட்டது. அம்மா அதை இன்றுவரை மறக்கவில்லை.

முடிவுகள் வந்த இரவு நான் போனில் மொழிபெயர்த்து வாசித்தேன். கதிர் முதலாவது. நங்கூரம் இரண்டாவது. கிழவியின் மகன் விருப்பு வாக்கில் தன் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார், ஆனால் எதிர்க்கட்சியில். அதிகாரம் இல்லாத ஆள் சொல்லி யாரும் கடிதம் எழுதப் போவதில்லை. அத்தான் ஜாக்கெட்டை மடித்து அலுமாரியில் வைத்தார். நாங்கள் தோற்றதற்கு நாங்களே ஊருக்குப் பாண் கொடுக்க வேண்டிய நிலை.

மாமா மட்டும் வெற்றிலையை ஆறுதலாக மென்றார். “பொறு தங்கச்சி. கதிருக்கு ஆட்சி நடத்த உறுப்பினர் தொகை காணாதாம், தம்பி வாசிச்சான். வியாபாரம் இனித்தான் தொடங்கும்.”

அப்படியே நடந்தது. சில வாரங்களில் கிழவியின் மகன் இன்னும் இரண்டு உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு கதிருக்குத் திரும்பினார். வீதிக்கும் பஸ்ஸுக்கும் பொறுப்பான பதவி கிடைத்தது. கதிர்த் தலைவரின் படத்துக்கு என்ன செய்வது என்று அவர் முன்னறையில் நின்று தலையைச் சொறிந்தபோது, அக்கா தன் கட்டிலுக்கு அடியிலிருந்து அதைத் துடைத்து எடுத்து வந்தாளாம்.

“நீ இதை எறியலையா?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

“எங்கட ஊரிலயும் எறியிறதில்லை” என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கதிரும் வென்றது, ஆளும் வென்றார்! ஜாக்கெட் அலுமாரியிலிருந்து வெளியே வந்தது. நாங்கள் கடிதத்துக்குக் காத்திருந்தோம். வாரங்கள் போயின. கடிதம் வரவில்லை. கேட்டால் அக்கா கதையை மாற்றினாள். கடைசியில் அழுதுகொண்டு சொன்னாள்: திராட்சைத் தோட்டக்காரர் நங்கூரத்தின் ஆள். கிழவியின் மகன் திரும்பி ஓடிவந்த நாளிலிருந்து அவர் இவருடைய போனை எடுப்பதில்லை. தெருவில் கண்டால் துப்புகிறாராம். கிழவியின் மகனும், “அடுத்த தேர்தல்வரைக்கும் பொறு” என்று சொல்லிவிட்டார்.

அடுத்த தேர்தல் என்றால் ஐந்து வருடம், பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அன்றைக்கு அத்தான் ஜாக்கெட்டை மறுபடி அலுமாரிக்குள் வைத்தார். மாமாகூடத் தொப்பி போடாமல் வெயிலில் நடந்து போனார்.

ஆனால் அக்கா குசினியில் நின்று அழுததை வேறொருவரும் கேட்டிருக்கிறார். கிழவி படுக்கையிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார். மகன் வாக்குக் கொடுத்ததையும், கட்சி மாறியதையும், திரும்ப மாறியதையும் அக்கா ஒன்றும் விடாமல் சொன்னாள்.

“உன் புருஷன் எந்தக் கட்சி?” என்று கிழவி கேட்டாராம்.

“அவர் கடலுக்குப் போறவர். கட்சி ஒண்டும் இல்லை.”

“என்னைத் தூக்கி இருத்துவானா?”

“எஞ்சினையே தனியத் தூக்குவார்.”

“அப்படியென்றால் வரட்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரட்டும். பேனையை எடு.”

அந்த வீடும் பணமும் கிழவியின் பேரில் இருந்தன. தோட்டக்காரர் தேவையில்லை, மகனும் தேவையில்லை. கிழவி தானே முதலாளியாகக் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகும் முத்திரை, மொழிபெயர்ப்பு, கொழும்புக்கு அலைச்சல் என்று மாதங்கள் இழுத்தன. கடைசியில் இரண்டு விசாவும் வந்தன. அத்தான் எஞ்சினை விற்றார்.

அன்று மாலை நேர்ச்சைக் கணக்கை எடுத்தோம். கதிர் வென்றது, ஆகவே ஆளுக்கு ஒரு றாத்தல் கட்டாயம் என்றும், நங்கூரம் தோற்றதால் அந்த இரண்டு றாத்தல் செல்லாது என்றும் நான் விளக்கினேன். அம்மா தலையாட்டவில்லை.

“நங்கூரத்துக்கு வேண்டினது ஆள் வெல்லத்தானே. ஆள் வெண்டிட்டார். மூண்டும் குடுப்போம். அந்தோனியாரோட வழக்குப் பேச ஏலாது.”

“ரெண்டு கட்சியாலயும் ஒண்டும் கிடைக்கல்ல,” என்றார் அத்தான். “தந்தது கிழவி.”

“அதான் சொல்றன்,” என்றார் மாமா. “கிழவிட கட்சிக்கு நாங்க ஒரு நேர்ச்சையும் வைக்கல்ல. அதாலதான் காரியம் நடந்தது.”

நுரைச்சோலைப் பேக்கரி நானாவிடம் ஒரு செவ்வாய்க்குப் பாண் சொன்னோம். எங்கள் கோயிலுக்கு வழக்கமாக வருகிற சனத்தைக் கணக்கிட்டுத்தான் சொன்னோம். ஆனால் மாமாவுக்கு ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்து பழக்கமில்லை. எங்களிடம் சொல்லாமலே முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி, இந்தப் பக்கம் கற்பிட்டிவரைக்கும் அந்தப் பக்கம் நுரைச்சோலைவரைக்கும் அறிவித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் வாசல் தேர்தல் கூட்டம் மாதிரி இருந்தது. கிறிஸ்தவர், முஸ்லிம், சிங்களவர், எந்தக் கோயிலுக்கும் போகாதவர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பேக்கரி நானா மூன்றாம் தடவையும் அடுப்பு மூட்டிவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்.

“தம்பி, அல்லாவுக்காகச் சொல்லுங்க, உங்கட மாமா எந்த எலக்சன்ல நிக்கிறாரு?”

வரிசையில் நின்ற ஒருவர் மாமாவிடமே கேட்டார்: “இது எந்தக் கட்சி குடுக்கிற பாண்?”

“இத்தாலிக் கட்சி.”

அவர் மூன்று றாத்தலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “அடுத்த முறை அவருக்கே போடுவம்” என்று சொல்லிப் போனார். மாமா வேலை செய்த எந்தக் கட்சிக்கும் இவ்வளவு சனம் வந்ததில்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மத்தியானம் அப்பா கடலிலிருந்து வந்து, தன் பங்குக்கு மூன்று றாத்தலை வாங்கிக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்தார். அக்கா வீடியோவில் வந்தாள். பின்னால் சக்கர நாற்காலியில் கிழவி இருந்தார். அதற்குப் பின்னால் சுவரில், பழைய ஆணியில், யாருடைய படம் என்று தெரியவில்லை. மகள் தன் சின்னப் பையைத் தூக்கிக் காட்டினாள். அத்தான் ஜாக்கெட் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

“செலவு எவ்வளவு முடிஞ்சது?” என்று அக்கா கேட்டாள்.

படித்தவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாண், ஒலிபெருக்கி, முச்சக்கரவண்டி, மாமாவின் வெற்றிலை எல்லாம் சேர்த்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய் என்று சொன்னேன்.