ஈர மணலில் தேர்ந்தெடுத்த இன்ஜின்

"வண்டி சூடாகி நின்னுடுச்சு" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டி என்ன, தானாகவா சூடாகிறது? யாரோ ஒரு மகானுபாவன் தப்பான இன்ஜினைத் தப்பான இடத்துக்கு அனுப்பியிருப்பான். அவனை விட்டுவிட்டு எல்லாரும் வண்டியைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் ஓட்டினவனைத் திட்டுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தேன். அந்தத் தெருவில் கவுன்டரில் நின்ற ஒரே பெண்பிள்ளை நான்தான். கடைக்கு வருகிற மெக்கானிக் என்னைப் பார்த்ததும், உள்ளே ஆள் யாரும் இல்லையா என்று கேட்பான். அப்படியானால் நான் யார், கடை பொம்மையா? அவன் நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த பழைய பிஸ்டனை வாங்கித் திருப்பிப் பார்த்து, பெட்ரோலில் ஆயில் கம்மியாகக் கலந்திருக்கிறாய், ஏர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டியிருக்கிறாய் என்று நான் சொன்ன பிறகுதான் வாயை மூடுவான். ஏழு வருஷம் அப்படி நின்றேன். எந்த வண்டிக்கு மாசம் எத்தனை பிஸ்டன் போகிறது, எந்த வண்டிக்கு வருஷத்துக்கு ஒன்றுகூடப் போவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

என் தம்பி ஜோகுபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஒல்லிப்பிச்சான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மண் ட்ராக்கில் நடக்கிற பந்தயங்களில் முதலாளியின் சின்ன வண்டியை ஓட்டுவான். சின்னது என்றாலும் டூ ஸ்ட்ரோக், காது கிழிகிற சத்தம். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இன்ஜினை எடைபோடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஆஹா, என்ன டியூனிங்" என்பார்கள். முதலாளியிடம் இன்னொரு ரைடரும் இருந்தான். ஆறடி உயரம், அகலமான தோள். அவன் ஏறினால் சின்ன வண்டி முனகும் என்பதால் அவனுக்கு அதிகம் வேலையில்லை.

முதலாளிக்குத் திடீரென்று ராஜஸ்தான் பாலைவனப் பந்தய ஆசை வந்தது. பல நாள் மணலில் ஓட்ட வேண்டும். ஒரு வண்டிக்கும் ஒரு ஆளுக்கும்தான் அவரால் செலவு செய்ய முடியும். என் தம்பியைக் கூப்பிட்டு, ஜெயிக்கக்கூட வேண்டாம், பந்தயத்தை முழுதாக முடித்துவிட்டு வந்தால் போதும், அப்புறம் நீ சம்பளம் வாங்குகிற ரைடர், முடிக்காவிட்டால் ஆயுசுக்கும் ஸ்பேனர்தான் என்று சொல்லிவிட்டார். தம்பி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. அத்தனை சந்தோஷம்.

எந்த இன்ஜின் என்பதுதான் கேள்வி. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு இருந்தன. ஒன்று அந்தச் சத்தக்காரி. இன்னொன்று மிலிட்டரி டிஸ்போஸல் ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக், முன்னூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். நான் அந்தப் பழசுதான் வேண்டும் என்றேன். காரணமும் சொன்னேன். மணலில் வேகம் இருக்காது, ஆனால் ஆக்ஸிலேட்டர் முழுசாகத் திறந்தே இருக்கும். காற்று வந்து சிலிண்டரை ஆற்றாது. டூ ஸ்ட்ரோக்குக்கு இன்ஜின் சுற்று மேலே போனால்தான் பலம், சுற்று கொஞ்சம் இறங்கினாலும் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும், அதில் ப்ளேட் கருகும், பிஸ்டன் சூட்டில் வீங்கி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பழசு மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். எடை ஒரு தொல்லைதான், ஆனால் நின்றுபோகாது.

முதலாளி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மணலிலேயே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். பெங்களூரில் மணலுக்கு எங்கே போவது? ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் காலையில் வரிசையாக நிற்குமே மணல் லாரிகள், அதில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கே.ஆர்.புரம் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் வீடு கட்டுவதற்காகப் பல லோடு மணல் கொட்டிப் பரப்பியிருந்தது. அங்கே போனோம். எங்களுக்கு அதுதான் பாலைவனம்.

தம்பி முதலில் டூ ஸ்ட்ரோக்கில் ஏறினான். பறந்தான். நாலு சுற்று, ஒரு இடத்திலும் திணறவில்லை. அப்புறம் பழசில் ஏறினான். இரண்டாவது சுற்றில் முன்சக்கரம் புதைந்து விழுந்தான். எழுந்து ஓட்டினான், மறுபடி விழுந்தான். வண்டியைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ஆறடிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினேன். ஈரம். ஆற்றிலிருந்து அள்ளி ராத்திரியோடு ராத்திரியாக வந்த மணல். பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. இதில் எந்த வண்டிதான் பறக்காது? ராஜஸ்தானில் மணல் விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஓடும், இந்தச் சோதனை செல்லாது, காய்ந்த மணலைப் பாருங்கள் என்று கத்தினேன். முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏம்மா, கவுன்டர்ல பிஸ்டன் விக்கிறது வேற, வண்டி ஓட்டுறது வேற. மணல்னா மணல்தான். சும்மா பேஜார் பண்ணாதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் நம்பியது என் தம்பியை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "சும்மா இரு அக்கா" என்றான். அந்த இடத்திலேயே அவனை அறைந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டேன்.

டூ ஸ்ட்ரோக்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவன் ரயிலேறுவதற்கு முன் ரிங்கோடு ஒரு பிஸ்டனும் ஒரு செட் கிளட்ச் ப்ளேட்டும் அவன் பையில் நானே வைத்தேன். ஆயிலைத் தாராளமாகக் கலக்கச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் சரிக்கா, சரிக்கா என்றான்.

பந்தயத்தின் இரண்டாம் நாள் மத்தியானம் கடை போனுக்குத் தம்பியிடமிருந்து எஸ்.டி.டி. வந்தது. முதல் நாளே ஒரு பிஸ்டன் பிடித்திருக்கிறது. கையோடு இருந்ததை மாற்றிப் போட்டு ஓட்டியிருக்கிறான். மறுநாள் காலையில் அதுவும் பிடித்துவிட்டது, கிளட்சும் போயிற்று. வெயிலில் பாதி தூரம் தள்ளிக்கொண்டே வந்தானாம். அழவில்லை. பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். எதிரே நின்ற வாடிக்கையாளர் ஸ்பார்க் ப்ளக் கேட்டுக்கொண்டே இருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் முதலாளி ஊர் பூராவும் என்ன சொன்னார் தெரியுமா? வண்டி தங்கமான வண்டியாம், பையனுக்குத்தான் ஸ்டாமினா பத்தவில்லையாம். நான் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பிடித்துப்போன இரண்டு பிஸ்டனையும் அவர் மேஜைமேல் வைத்தேன். நாலு பக்கமும் ஒரே மாதிரி உரசல். அளவுக்கு மீறிச் சூடானால்தான் அப்படி வரும், அது ரைடர் தப்பு இல்லை என்று தொழில் தெரிந்த எவனுக்கும் புரியும். அவருக்கும் புரிந்தது. எடுத்துப் பார்த்தார், வைத்தார், டீ சொல்லட்டுமா என்று கேட்டார். டீயாம்.

அடுத்த வருஷம் அதே மனுஷன், தானே கண்டுபிடித்த மாதிரி, பாலைவனத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் சரி என்று ஆரம்பித்தார். பழைய மிலிட்டரி வண்டியைப் பிரித்தார்கள். ஓட்டப்போவது ஆறடிக்காரன். இன்ஜினைக் கட்டுகிற வேலை என் தம்பிக்கு.

கேள்விப்பட்டதும் எனக்குத் தலை கொதித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தம்பி தரையில் உட்கார்ந்து சிலிண்டர் ஹெட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. சூடு சொரணை இருக்கிறதா உனக்கு, உன் சீட்டில் இன்னொருத்தன் உட்காருவதற்கு நீ இன்ஜின் கட்டுகிறாயா, எழுந்து வா என்று சத்தம் போட்டேன். அன்றைக்கே இந்த வண்டிதான் வேண்டும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேனே, மணல் ஈரம் என்று உனக்கும் தெரியும்தானே, ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்க்கா. நான் விழுந்ததுகூட வேணும்னேதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பைத்தியமா உனக்கு என்றேன்.

"இந்த வண்டின்னு முடிவாயிருந்தா அப்பவே அவனைத்தான் அனுப்பியிருப்பாரு. இவ்ளோ வெயிட்ட மணல்ல நான் தூக்கி நிறுத்துவேனா? அந்தச் சின்ன வண்டி ஒண்ணுதான் என் சீட்டு. முடிக்காதுன்னு தெரிஞ்சுதான் போனேன். ரெண்டு நாளாவது ஓட்டினேன்ல?"

அடுத்த போல்ட்டை முடுக்கினான். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதைவிட அதிகமாக என்மேல் வந்தது. மணல், சூடு, கிளட்ச் என்று எல்லாம் யோசித்த எனக்கு, நான் கேட்ட இன்ஜின் வந்திருந்தால் அதில் யார் ஏறியிருப்பார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவன் எனக்கு விரோதமாகத்தான் விழுந்திருக்கிறான், இரண்டு தடவை.

அந்த வருஷம் அந்த வண்டி பந்தயத்தை முழுதாக முடித்தது. நான் சொன்ன இன்ஜின், என் தம்பி கட்டிய இன்ஜின். ஒர்க்‌ஷாப் வாசலில் ஆறடிக்காரனுக்கு மாலை போட்டார்கள். நான் போகவில்லை. தம்பி போனான், கூட்டத்தில் நின்று கை தட்டினான் என்று பிறகு ஒரு மெக்கானிக் பிஸ்டன் வாங்க வந்தபோது சொன்னான்.