வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள்

அன்றைக்கு வரிசையில் என் மகள் எனக்குப் பின்னால் நின்றாள். வெயில் என் தலையில் அடிக்கிறது என்று முந்தானையை விரித்து எனக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். அதனால்தான் என் டோக்கனுக்கு அடுத்த டோக்கன் அவளுடையதாக ஆயிற்று.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருப்பது ஸ்டோர் வீடு. நடுவில் முற்றம், அதில் ஒரு அடிபம்பு, சுற்றிலும் சின்னச் சின்னப் போர்ஷன்கள். மருமகன் இறந்த பிறகு மகள் என்னோடு வந்துவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் அவள்தான் தலைமைச் சமையல். இருட்டு விலகுவதற்குள் பஸ் ஏறிவிடுவாள். அங்கே இருக்கிற பெண்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, “அக்கா, உங்க ரசத்துக்காகத்தான் சீக்கிரம் வந்தேன்” என்று சொல்வார்களாம். அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். புருஷன் போனபின் அவளுக்கென்று இருந்தது அந்த அடுப்படி ஒன்றுதான்.

எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் ஒரு லேபிலிருந்து வந்து இலவச ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். ஸ்டோரிலிருந்து நாங்கள் சேர்ந்து போனோம், சேர்ந்தே நின்றோம். முதலில் எதிர்ப் போர்ஷன் பெண், அப்புறம் அவள் மாமியார், அப்புறம் நான், கடைசியில் என் மகள். ரிப்போர்ட் போனில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து வந்தது. நீல எழுத்தில் ஒரு வரி. அதைத் தொட்டால் ரிப்போர்ட் திறக்கும். எனக்கும் அந்த மாமியாருக்கும் பட்டன் போன். அதில் எழுத்து வந்ததே தவிர ஒன்றும் திறக்கவில்லை. எதிர்ப் போர்ஷன் பெண் கெட்டிக்காரி. தன் போனில் அந்த வரியை உற்றுப் பார்த்தவள், “இது என் டோக்கன் நம்பர்ல முடியுது. உங்களது எனக்கு அடுத்த நம்பர்தானே அத்தை?” என்று கடைசி எண்ணை மாற்றினாள். மாமியாருடைய ரிப்போர்ட் அப்படியே வந்து நின்றது, பெயர் வயதோடு.

எங்களுக்கெல்லாம் ஒரே ஆச்சரியம். அவளைச் சுற்றி முற்றத்தில் உட்கார்ந்துவிட்டோம். நான் எல்லோருக்கும் காபி போட்டு வந்தேன்.

“அத்தை, சுகர் எகிறிக் கெடக்கு. இனிமே ஜாங்கிரி பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாது.”

“உன் வாயிலேருந்து வர்ற கசப்புக்கு, நான் ரெண்டு ஜாங்கிரி கூடவே தின்னணும்டி.”

அடுத்தது என்னுடையது. “பெரியம்மா, உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு” என்றாள்.

“இந்த ஒடம்புல எங்கேருந்துங்க ரத்தம் வரும், எலும்புக்கே எடம் பத்தல” என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அடுத்தது யாரு, நம்ம அக்காதானே” என்றாள் அந்தப் பெண்.

“அவ வந்து பார்த்துக்குவாம்மா” என்றேன். யாரோ பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசினால் பொதுவாக எனக்கே பாதிதான் கேட்கும். அதற்குள் அவள் எண்ணை மாற்றிவிட்டாள்.

“சுகர் சரியா இருக்கு. ரத்தம் நல்லா இருக்கு. ஹெபடைடிஸ் ‘பி’ன்னு ஒண்ணு... அது பாசிட்டிவ்னு சிவப்புல போட்டிருக்கு.”

“அப்படின்னா?”

“மஞ்சக்காமாலைக் கிருமி அத்தை. ஈரலைத் தின்னுருமாம்.”

மாமியார் கையில் எங்கள் வீட்டு டம்ளர் இருந்தது. பாதி காபி மிச்சம் இருந்தது. அவர் எழுந்து போய் அதைச் சாக்கடையில் ஊற்றினார். டம்ளரை என் கையில் தரவில்லை. எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, பம்படியில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த மாமியாரும் என் மகளோடு அதே ஹாஸ்டலில்தான் வேலை பார்த்தார். வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது அவர் வேலை; மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

சாயங்காலம் மகள் வந்ததும் நான்தான் சொன்னேன். சமையல் வேலையில் அவள் போனையே பார்க்கவில்லை. திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்கு முன்னாடி ஸ்டோர் பூராவும் படிச்சிட்டாங்களாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

மகள் போய்க் கேட்டதற்கு எதிர்ப் போர்ஷன் பெண் கோபப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. “நான் என்னக்கா வேணும்னேவா பண்ணேன்? எல்லாருக்கும் பார்த்த மாதிரிதானே உங்களுக்கும் பார்த்தேன்” என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். இது ரத்தத்தால் பரவுவது, சோற்றாலும் தண்ணீராலும் பரவாது. அவள் சமைக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் டெஸ்ட் எடுக்க வேண்டும், பார்க்காமல் விட்டால்தான் ஈரல் கெடும் என்றார். மகள் அதைக் கேட்டுக்கொண்டு நேராக ஹாஸ்டலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வார்டன் அம்மா எங்களை அடுப்படிக்குள் விடவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்.

“உன்மேல தப்புன்னு சொல்லலம்மா. பொண்ணுங்க வீட்லேருந்து போன் மேல போன் வருது. ஒவ்வொருத்தருக்கா நான் பாடம் எடுக்க முடியுமா? அந்தக் கிருமி எவ்வளவு இருக்குன்னு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்காமே. எடுத்து, நல்லபடியா வந்தா எனக்கு அனுப்பு. வந்து சேந்துக்க.”

உள்ளேயிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. “பெருங்காயம் பத்தல” என்று என் காதில் சொன்னாள் மகள்.

அந்த டெஸ்ட்டை எடுக்கத்தான், மண்டபத்தில் பரிசோதனை வைத்த அதே லேபுக்கு, தில்லைநகருக்குப் போனோம். எடுப்பதற்கு முன்னால், ரிப்போர்ட்டை வேறு யாராவது பார்க்க முடியுமா என்று கேட்டாள் மகள். கவுன்டரில் இருந்த பெண், “லிங்க் உங்க நம்பருக்கு மட்டும்தான் வரும் மேடம். நீங்களா காட்டாம வெளிய தெரிய சான்ஸே இல்ல” என்றாள்.

மகள் தன் போனை எடுத்து, கடைசி எண்ணை மாற்றி, அந்தப் பெண் பார்க்கும்படி திறந்தாள். யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. உடனே போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டாள். “நான் படிக்கலம்மா. நீங்க பார்த்தீங்கள்ல?” என்றாள்.

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார், கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வந்தார். டெஸ்ட்டை இலவசமாக எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர்காரர் எங்களுக்குப் புரியும்படி சொல்ல முயன்றார். இதுவரைக்கும் ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்கிற விலாசமே அந்த வரியில் மறைக்காமல் அப்படியே இருந்ததாம். ஒரு வீட்டு நம்பர் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரிதானாம். இனிமேல் விலாசத்தை என்கிரிப்ட் பண்ணிவிடுவார்களாம். அதாவது, கலைத்துப் போட்டுவிடுவார்கள். அதைத் திருப்பி அடுக்குகிற சாவி அவர்கள் கம்ப்யூட்டரிடம் மட்டும் இருக்கும். ஒரு எழுத்தை மாற்றினாலும் திறக்காது. இரண்டு நாளானால் அந்த வரியே செத்துப்போகும்.

“இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே தம்பி” என்றேன். வெளியாள் ஒருவரிடம் நானாக வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான். அவர் தலையை ஆட்டினார்.

ரிசல்ட் வந்தது. நீலவரி இப்போது நீளமாக, எழுத்தும் எண்ணும் தாறுமாறாக, ஒரு மூட்டை அவிழ்ந்து கொட்டின மாதிரி இருந்தது. திறந்து பார்த்ததில் கிருமி ரொம்பக் குறைவு, ஈரலுக்குச் சேதமில்லை. மகள் அந்த வரியை அப்படியே வார்டன் அம்மாவுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, வேலைக்குக் கட்டுகிற காட்டன் புடவைகளுக்குக் கஞ்சி போட்டாள்.

மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிறகு இவளே போன் பண்ணினாள்.

“இப்பத்தாம்மா தொட்டேன், லிங்க் காலாவதின்னு வருது” என்றார் வார்டன் அம்மா.

“பரவாயில்லைங்க, லேப்ல சொல்லி மறுபடி அனுப்பச் சொல்றேன். இல்லாட்டி பேப்பராவே வாங்கிட்டு வரேன்.”

“வேணாம்மா, எதுக்கு அலையிற. மண்ணச்சநல்லூர்லேருந்து ஒரு ஆளைப் போட்டாச்சு. நீ ஒடம்பைப் பார்த்துக்க.”

மகள், “சரிங்க” என்றாள். கஞ்சி போட்ட புடவைகள் கொடியில் விறைத்துப்போய்த் தொங்கின. இரண்டு நாளைக்கு அவற்றை யாரும் எடுக்கவில்லை.

ஸ்டோரில் யாரும் சண்டை போடவில்லை. நாங்கள் தண்ணீர் அடித்த பிறகு மட்டும் பம்பின் கைப்பிடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிடித்தார்கள். இரண்டாவது ரிப்போர்ட்டைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நான் ஒருமுறை மாமியாரிடம், “இப்ப நல்லா வந்திருக்குங்க” என்றேன். “அப்படியா, சந்தோஷம்” என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார். எதிர்ப் போர்ஷன் பெண் வேறு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “என்ன பெரியம்மா, இப்ப என்னுதே எனக்குத் தொறக்க மாட்டேங்குது. என்னவோ பூட்டிட்டாங்களாம்.”

மகள் துறையூர்ப் பக்கம் ஒரு கல்யாண சமையல்காரரிடம் வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயே தங்கல். முகூர்த்தம் இல்லாத நாட்களில் வருவாள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. ரசம் அவள் கையில் இல்லை, இலை துடைப்பதும் காய் நறுக்குவதும்தான். சமையல்காரர் கேட்டால் தனக்கு அவ்வளவாகச் சமைக்கத் தெரியாது என்று சொல்லிவிடுகிறாளாம். அடுப்படியில் நிற்கிற ஆளைத்தான் எல்லோரும் விசாரிப்பார்கள் என்கிறாள்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. போன முறை வந்திருந்தபோது நான் கேட்டேன், “டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரேம்மா.”

“எடுத்தா அது எங்கயாச்சும் இருக்கும்ல” என்றாள்.

“இப்பத்தான் பூட்டிட்டாங்கன்னு சொன்னாங்களே.”

“பூட்டட்டும்மா. எடுக்காத ரிப்போர்ட்டை யாராலயும் தொறக்க முடியாதுல்ல.”

அவளுக்குப் போன மாதத்திலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கேட்டால் வெயில் என்கிறாள். அன்றைக்கு அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது, நான் எடுத்துப் பார்த்தேன். லேபிலிருந்து வந்த செய்தி. பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது, இங்கே தொடவும் என்று தமிழிலேயே இருந்தது, நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கீழே அந்த நீளமான நீலவரி. அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். திறக்காமலேயே அழித்தாள். பிறகு பையில் துணிகளுக்கு மேலே தன் டம்ளரையும் தட்டையும் வைத்து ஜிப்பை மூடினாள். எங்கே போனாலும் இப்போது அவற்றைத் தனியாகக் கொண்டுபோகிறாள்.