'நாளை' என்று அச்சிட்ட சுவரொட்டி: ஆரணிக்கு ஒரு நாள் தாமதமாக

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை வேலூரிலிருந்து ஆரணிக்குச் சென்றேன். நான் வழக்காடிய நீதிமன்றம் ஒன்றில் நெடுங்காலம் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஆரோக்கியசாமி காலமாகிவிட்டார். அடக்கத்துக்குப் போவதே பயணத்தின் நோக்கம். புதன்கிழமை காலை என் கைப்பேசிக்கு வந்த கண்ணீர் அஞ்சலிப் படத்தில் 'நாளை மாலை 3 மணி' என்று தெளிவாக இருந்தது. தொலைபேசியில் கேட்டு உறுதி செய்திருக்கலாமே என்பீர்கள். துக்க வீட்டில் நம்மால் ஒரு மணியோசை அதிகமாக வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

வேலூர் பேருந்து நிலையத்தில் காலை 9.40க்குப் புறப்பட்ட பேருந்து கண்ணமங்கலம் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டரைக் கடந்து பதினொரு மணிக்கு ஆரணி வந்தது. கட்டணம் நாற்பது ரூபாய். நான் பயணம் செய்த அன்றைய நிலவரம் இது, மாறியிருக்கக்கூடும். நெசவாளர்கள் சேலைக் கட்டுகளோடு ஏறி இறங்கும் தடம் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைப்பது அரிது.

நிலையத்து வாசலில் ஆட்டோ ஓட்டுநரிடம் தெருப் பெயரைச் சொன்னபோது, அருகில் நின்ற எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாரும் அதே தெருவைக் கேட்டார். கையில் வாழையிலையில் பொதிந்த ரோஜா மாலை. தேசூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவர். ஆரோக்கியசாமியின் அக்கா ஞானம்மாள். இருவரும் ஒரே ஆட்டோவில் போக நூறு ரூபாய் பேசினோம்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பாமல் எங்களையே பார்த்தார்.

"யாரு, கோர்ட்டு ஆரோக்கியசாமி வூடுங்களா? நேத்தே எடுத்துட்டாங்களேங்க."

ஞானம்மாள் எதிர்ச் சுவரைக் காட்டினார். எங்கள் கைப்பேசியில் இருந்த அதே படம் அங்கே சுவரொட்டியாக இருந்தது. "அதுல நாளைன்னுதானப்பா போட்டுகிது?"

"அது செவ்வாக்கெழம ராத்திரி ஒட்னதும்மா."

அதன் பிறகுதான் அந்தச் சுவரொட்டியை ஓர் ஆவணத்தைப் படிப்பதுபோல் படித்தேன். மேலே சிவப்பில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவே நீல வானமும் புறாக்களும். கீழ்ப்பாதி முழுவதும் வருந்துவோர் பதினான்கு பேரின் படங்கள், ஒவ்வொருவரின் பதவியோடும். 'நாளை' பெரிய எழுத்தில். அது எந்த நாளிலிருந்து எண்ண வேண்டிய நாளை என்பதைச் சொல்லும் ஒரே குறிப்பு மறைவுத் தேதி. அது வெள்ளை மேகத்தின் மேல் வெளிர் மஞ்சளில் இருந்தது; கைப்பேசித் திரையில் கண்ணுக்கே படாது.

ஆட்டோவில் ஞானம்மாள் அழவில்லை. பழைய சம்பந்தப் பேச்சு ஒன்றில் தம்பி வீட்டோடு மனத்தாங்கல் வந்து எட்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை என்றார். வீட்டுக்குள் போகும் எண்ணமும் இல்லையாம். தெருமுனையில் காத்திருந்து, கோயிலில் சவப்பெட்டி மூடுமுன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிட நினைத்தவர், அதனாலேயே யாரையும் கேட்கவில்லை.

வீட்டில் வேறொரு துக்கம் காத்திருந்தது. ஆரோக்கியசாமியின் மகன் சகாயம், செவ்வாய் இரவே அத்தைக்குத் தனியாக அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறான். புதன் காலை நீல நிறத்தில் இரண்டு குறிகள் விழுந்திருக்கின்றன. அத்தை பார்த்துவிட்டார், வந்துவிடுவார் என்று பாதிரியாரிடம் கேட்டுப் பெட்டியை அரைமணி நேரம் மூடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தக் குறி, பார்த்ததைச் சொல்கிறது. என்ன புரிந்துகொண்டார் என்பதைச் சொல்வதில்லை.

ஆரோக்கியசாமியின் மனைவி எழுந்திருக்கவில்லை. "பாத்துட்டும் வரலன்னு எல்லாரும் பேசுனாங்க, அண்ணி. நானும்தான் பேசுனேன்."

ஞானம்மாள் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாளைத் தவறாக எண்ணிவிட்டதை அவர் சொல்லியிருந்தாலும் அந்தக் கூடத்தில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் என் கைப்பேசியை எடுத்து, படம் வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டி, நானும் இன்றுதான் அடக்கம் என்று எண்ணி வந்தவன் என்பதைச் சொன்னேன். சாட்சியம் அவ்வளவுதான். ஆரோக்கியசாமியின் மனைவி திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து நாத்தனாரின் கையைப் பிடித்தார்.

கல்லறைத் தோட்டம் இரண்டு கிலோமீட்டர். மண் இன்னும் ஈரமாக இருந்தது. மாலையை வைத்துவிட்டு ஞானம்மாள் கேட்டார், "மொகம் எப்படிடா இருந்துச்சி?" சகாயம் படங்களைத் திறக்கப் போனான். "அது வாணாம். நீ சொல்லு."

அவன் சற்று யோசித்தான். "தல கொஞ்சம் வாசப் பக்கமா சாஞ்சினு இருந்துச்சி அத்த."

இப்பயணத்தைத் திட்டமிடுவோருக்குச் சில குறிப்புகள். துக்கச் செய்தி படமாக வந்தால், அது எப்போது தயாரானது என்பதை விசாரித்த பிறகே புறப்படுங்கள். நாம் அச்சிடும்போது கிழமை, தேதி, நேரம், இடம் நான்கையும் மிகப் பெரிய எழுத்தில் போடச் சொல்வது நல்லது. நம் படங்கள் சிறிதானால் இறந்தவர் குறைபட்டுக்கொள்ள மாட்டார். 'நாளை' என்பது எழுதுகிறவரின் நாள். படிக்கிறவரிடம் அது வேறொரு நாளாகச் சேர்கிறது. இது யாருடைய குற்றம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒருவேளை எவருடையதும் அல்ல. அதனால் துயரம் எள்ளளவும் குறைவதில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஞானம்மாளை வந்தவாசிப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். முப்பதாம் நாள் பூசைக்குக் கார்டு அனுப்புகிறேன் என்றான் சகாயம். அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"கார்டு வாணாம்டா. ஃபோன் பண்ணு. நான் எடுப்பேன்."