‘மோகினிக்கு மெட்டி’ பார்த்த மதியம்

போன வாரம் பழனியிலிருந்து திண்டுக்கல் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பேய்ப்படம் போட்டார்கள். பயமுறுத்துகிற பேய் இல்லை, சிரிப்புக் காட்டுகிற பேய். அதுவும் இரண்டாம் பாகம். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் அந்தப் பேய் நாலு தடவை வழுக்கி விழுந்துவிட்டது. பஸ்ஸில் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. என் முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "ஃபர்ஸ்ட் பார்ட் செம. இது சுத்த வேஸ்ட்டுடி" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இப்படி ஒரு இரண்டாம் பாகத்தை உள்ளங்கை வேர்க்க உட்கார்ந்து பார்த்தவள் நான்.

பக்கத்தில் இருந்த அம்மாள் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பந்தை மடியில் வைத்திருந்தாள். அந்த வாசம் வேறு என்னை இழுத்துக்கொண்டு போனது. அந்தக் காலத்து சினிமாக் கொட்டகையில் பொம்பளைங்க பக்கம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆண்கள் பக்கத்துக்கும் நமக்கும் நடுவில் தலைமட்டத்துக்கு ஒரு சுவர். வாடிய மல்லிகை, முறுக்கு, பிள்ளைகள் பெய்த ஈரம், எல்லாம் கலந்த ஒரு வாசம் அங்கே சுவரிலேயே ஊறிக் கிடக்கும். பேகம்பூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடையும் சேர்ந்துகொள்ளும். மூக்கைப் பொத்திக்கொண்டே படம் பார்ப்போம். ஆனால் ஒரு மேட்னியையும் விடமாட்டோம்.

அணாவும் நயா பைசாவும் கலந்து புழங்கிய காலம் அது. வருகிற படத்தில் பாதி பேய்ப்படமாக இருக்கும். வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம், பாழடைந்த பங்களா, தூரத்தில் ஒரு பாட்டு. எங்கள் தெருவில் பல பெண்கள் பொழுது சாய்ந்தால் கொல்லைப்பக்கம் போகவே பயந்தார்கள். அந்த நேரத்தில்தான் அத்தனை பேய்ப்படங்களையும் கேலி செய்து ‘மோகினிக்கு மூக்குத்தி’ என்று ஒரு படம் வந்தது. அதில் வருகிற மோகினிக்கு இருட்டென்றால் பயம். கையில் அரிக்கேன் விளக்கோடுதான் வருவாள். பங்களாக் காவல்காரனிடம், "அண்ணே, இந்தப் பக்கம் பேய் கீய் ஏதும் இல்லையே? கிணத்தடி வரைக்கும் துணைக்கு வாரீங்களா?" என்று கேட்பாள்.

அந்த இடத்தில்தான் நான் சிரித்தேன்.

என் சிரிப்பைப் பற்றி நானே சொல்வது அழகில்லை. ஆனாலும் சொல்லாமல் கதை நகராது. முதலில் விக்கல் மாதிரி ரெண்டு வரும். பிறகு எண்ணெய் போடாத கிணற்று உருளையை வேகமாக இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அது. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே என்னை வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கொட்டகையே படத்தை மறந்து என் சிரிப்புக்குச் சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது. அம்மா என் தொடையில் கிள்ளிய தடம் நாலு நாள் இருந்தது.

இப்போது அக்காவைச் சொல்ல வேண்டும். தனம் என்னைவிட நாலு வயது மூத்தவள். பார்க்க லட்சணமாக இருப்பாள், வேலையில் கெட்டி. ஆனால் முகத்தில் சிரிப்பு வராது. கோபக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சுபாவம் அப்படி. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே பேச்சைத்தான் சொல்லி அனுப்பினார்கள். "பொண்ணு உம்முன்னு இருக்கு." மூன்றாவது தடவைக்குப் பிறகு அக்கா கண்ணாடி முன்னால் நின்று வாயை இழுத்து இழுத்துப் பார்த்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். பார்த்ததை அவளிடம் சொன்னதில்லை.

படம் போய் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு தரகர் வந்தார். பேகம்பூர் தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருக்கிற மாப்பிள்ளை. தகப்பன் இல்லை, தாயார் மட்டும். "மூக்குத்திப் படத்துல ஒரு பொண்ணு சிரிச்சுச்சாமே, அது ஒங்க வீட்டுப் பொண்ணுதானாமே? கொட்டகை வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவரு சொன்னாரு. அதைத் தேடித்தாங்க அந்தத் தம்பி இம்புட்டு நாளா அலையுது. அவுக வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு வருசக்கணக்காச்சாம்" என்றார்.

மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, தோளில் கிடந்த துண்டைக்கூட எடுக்கவில்லை. "ஆமா, ஆமா. எங்க பெரியவதான்" என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. மூத்தவள் இருக்கும்போது வாசலில் எந்தச் சம்பந்தம் வந்து நின்றாலும் அது மூத்தவளுக்கு வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மேல்வயலுக்கு முதலில் கட்டுகிற மாதிரி, அதில் கேள்வியே கிடையாது. எனக்கு வருத்தமா என்று கேட்காதீர்கள். அதுவரைக்கும் அந்த மனிதர் முகத்தையே நான் பார்த்ததில்லை. ஆனால் என் சிரிப்பைத் தேடி ஒருத்தர் ஏழெட்டு மாதம் அலைந்தார் என்று கேட்டபோது ஒரு கிறுகிறுப்பு வந்தது. அதை மறைத்தால் பாவம்.

வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. அவருடைய தாயார் மட்டும் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் புள்ளையா அப்படிச் சிரிச்சுச்சு? நான் ஒருக்காக் கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றாள். மாட்டு வண்டியில் கொட்டடித்து நோட்டீஸ் போட்டுக்கொண்டு வந்த நேரமும் அதுதான். மூக்குத்திப் படத்தின் இரண்டாம் பாகம், ‘மோகினிக்கு மெட்டி’. முதல் படத்துக்குச் சிரித்தவர்கள் இதற்கு வயிற்றைத் துணியால் கட்டிக்கொண்டு வரவும் என்று போட்டிருந்தது. "ரெண்டு வீடும் ஞாயித்துக்கெழம மேட்னிக்குப் போவோம்" என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டாள்.

நாலு நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயில முந்தானையை அடைச்சுக்க. செத்த நேரம் மூச்சை அடக்கிட்டுக் கெட. ஒன் சத்தம் வெளிய வந்துச்சு, ஒங்க அக்கா வாழ்க்க போச்சு" என்றாள். அக்காவுக்குப் பயிற்சி நடந்தது. அடுப்படியில் நின்று அவள் சிரித்துக் காட்டியது, தொண்டையில் முள் சிக்கினவள் இருமுவது போல இருந்தது. அம்மா அழுதே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையின் தாயார் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை. இந்தப் பக்கம் அம்மா, அக்கா, ஓரமாக நான். விளக்கை அணைத்தார்கள். நான் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன்.

எதற்கு அவ்வளவு பாடு பட்டேனோ தெரியவில்லை. முதல் அரைமணி நேரத்தில் திணித்த முந்தானையை நானே எடுத்துவிட்டேன். அப்படி ஒரு படம். முதல் பாகத்தின் கடைசியில் மோகினிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இதில் அவள் மருமகள். பங்களாவும் இல்லை, அரிக்கேனும் இல்லை. அடுப்பூதுகிறாள், அழுகிறாள், பாடுகிறாள். மாமியார் திட்டுகிறாள், மறுபடி பாடுகிறாள். காவல்காரன் நடுநடுவே வந்து வாழைப்பழத்தோலில் விழுகிறான். கொட்டகையில் இருமல் சத்தமும் பிள்ளை அழுகிற சத்தமும்தான் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் யாரோ, "ஏப்பா, மூக்குத்தியவே திருப்பிப் போடுங்கப்பா!" என்று கத்தினார்கள். அதற்குக்கூடச் சிரிப்பு எழவில்லை.

அந்தத் தாயார் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காவல்காரன் இரண்டாவது தடவை விழுந்தபோது அக்கா முயன்றாள். அடுப்படி இருமல்தான் வந்தது. தாயார் மறுபடி திரும்பினாள். திரை வெளிச்சத்தில் அவள் புருவம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. அக்காவின் கை என் கையைப் பிடித்தது.

இடைவேளையில் மூவரும் எழுந்திருக்கவில்லை. திரும்ப இருட்டானதும் அம்மா அக்காவைத் தாண்டிக் குனிந்து என் காதில், "நீயே சிரிச்சுத் தொலடி. அவ வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கட்டும். இருட்டுல யாருக்குத் தெரியும்" என்றாள்.

நாலு நாளாகச் சிரிக்காதே என்று சொன்ன வாய். நானும் முயன்றேன். விக்கல்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய நாளை நினைத்தேன். பழைய படத்தின் அரிக்கேனை நினைத்தேன். எதற்கும் சிரிப்பு வரவில்லை. படம் முடிய இன்னும் ஒரு பாட்டுதான் இருக்கும் என்று பட்டது. அம்மா உதட்டுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சில் தாயார் செருப்பைக் காலால் தேட ஆரம்பித்துவிட்டாள்.

திரையில் மாமியார் இன்னொரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து போட, மோகினி மூக்கைச் சிந்திக்கொண்டு உலக்கையை எடுத்தாள். அப்போது அக்கா என் பக்கம் சாய்ந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"இதுக்கு இவ பேயாவே இருந்திருக்கலாம்டி."

வெடித்துவிட்டேன். விக்கல் ரெண்டும், உருளைச் சத்தமும், எல்லாம் சேர்ந்து வந்தன. என்னால் நிறுத்தவே முடியவில்லை. அக்கா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்து தோளைக் குலுக்கினாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். கொட்டகை முழுக்க என்னோடு சேர்ந்துகொண்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அதேதான்! அதேதாம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. தாயார் திரும்பி, குலுங்குகிற அக்காவைப் பார்த்தாள். அவள் முகமும் விரிந்தது. அடுத்த தையில் கல்யாணம்.

அத்தான் நல்ல மனிதர். மாமியாரும் அக்காவைத் தாங்கினாள். ஆனால் அக்கா அக்காவாகத்தானே இருப்பாள்? என்னைச் சாணார்பட்டியில் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் கிணற்றடியில் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்க அக்கா ஒங்க வீட்டுல எப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கும்? இங்க வந்த பொறவு ஒருக்காக்கூட அப்படிச் சிரிக்கலம்மா. நான் என்ன கொற வச்சேன்னு தெரியல. கேட்டாலும் சொல்ல மாட்டேங்குது."

அன்றைக்கே அக்காவிடம் போய், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அழுதேன். அவள் அரிசி களைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா என்ன ஆகும்? கட்ட நெனச்சது ஒன்னையத்தான்னு ஆயிரும். அவரு தன்மேல கொறை நெனைச்சாப் பரவால்ல. நான் அதத் தாங்க மாட்டேன்டி" என்றாள்.

அத்தான் காதில் விழும் இடத்தில் நான் சிரித்தால் எல்லாம் உடைந்துவிடும். அதனால் அவர் இருக்கிற வீட்டில் சிரிப்பை அடக்கினேன். விசேஷ வீடுகளில் அடக்கினேன். ஊர் சின்னது, உறவு பெரியது. அவர் எங்கே இருப்பார், எங்கே இருக்கமாட்டார் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? கொஞ்ச நாளில் எல்லா இடத்திலும் அடக்கப் பழகிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னை அமைதியான பொம்பளை என்று பெருமையாகச் சொல்லுவார். அந்தக் கொட்டகையை இடித்து இப்போது கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். பொம்பளைங்க பக்கம் என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவே நேரமாகிறது.

அத்தான் நாற்பது வருஷம் அக்காவோடு வாழ்ந்தார். அந்த நாற்பது வருஷமும், ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார். கடைசி வரைக்கும் பார்த்தார். அவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நானும் அக்காவும் மட்டும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா, "இனிமே நீ சிரிச்சுக்கலாம்டி" என்றாள்.

அவளுக்காகவாவது ஒருமுறை சிரித்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கும் அந்த அடுப்படி இருமல்தான் வந்தது.